போடப் போட

நூலைக் கடித்துக் கடித்து
மேல்வரிசை முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது,
ஊசிக் காதளவு.
முப்பது வருஷத்து நூல் அந்த வழியாகத்தான் போனது.

அக்டோபரில் அதையும் சேர்த்துப் பிடுங்கினார்கள்.
பாதி ஏற்கெனவே போயிருந்தது,
மிச்சம் காஜா பிய்ந்த பட்டனாய் ஆடிக்கொண்டிருந்தது.
"அந்த ஒண்ண மட்டும் குடுங்க" என்றேன்.
வண்ணாரப்பேட்டை மாடியில் டாக்டர் ஆவுடைநாயகம்
பஞ்சில் மடித்துத் தந்தார்.
எதற்கென்று கேட்கவில்லை.

ஈறு ஆற இரண்டு மாசம்.
கஞ்சி, குழைந்த சோறு, சொதியில் ஊறிய இடியாப்பம்.
சமாதானபுரம் கடையில்
முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அளவெடுத்தேன்.
நாம் வாயை மூடினால் வருகிறவர்கள் கூடுதலாகப் பேசுகிறார்கள்.
யார் மருமகள் எந்த பஸ்ஸில் ஏறிப் போனாள் என்பதெல்லாம்
அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பர் ஏழாம் தேதி பல் வந்தது.
கிறிஸ்துமஸுக்கு நாற்பத்திரண்டு ஜாக்கெட் பாக்கி.
துணிக்கு ஒட்டாத லைனிங் மாதிரி
ஒரு ரோஸ் நிற ஈறு.
வாய்க்குள் வைத்ததும்
யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு
கல்யாண வீட்டிலிருந்து நடந்துவருவது போலிருந்தது.
எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.
நாக்கு தன் வீட்டிலேயே இடம் கேட்டு நின்றது.

டாக்டர் சொன்னார்:
"முதல்ல இறுக்கமாத்தான் இருக்கும்.
போடப் போட சரியாயிரும்."

சிரித்துவிட்டேன். கீழ்வரிசை எழும்பி வந்தது.
இதே வாக்கியத்தை, இதே குரலில்,
கை நுழையாத எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரெண்டு பக்கமும் சேர்த்து மெல்லணும்,
ஒரு பக்கமா மென்னா மறுபக்கம் தூக்கும்.
ராத்திரி கழற்றித் தண்ணியில போடணும்.
எதையாவது சத்தமா வாசிங்க, பேச்சு திருந்தும்.
கடையில் இருந்தது அளவு நோட்டுதான்.
செல்லத்தாய், சுந்தரகனி, சங்கரவடிவு:
'ச' வந்த இடத்திலெல்லாம் விசில்.
வாசலில் ஆட்டோ ஒன்று நின்று
யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்த்தது.

"முப்பத்தாறு" என்றேன் ஒருநாள்.
பிரிஸ்கில்லா முப்பத்தேழு என்று எழுதினாள்.
ராஜகனி டீச்சரின் பட்டு அது,
வெட்டியாயிற்று, தைத்தாயிற்று.
பதினாறாம் தேதி போட்டுப் பார்த்துவிட்டு
கண்ணாடி முன்னால் அப்படியே நின்றாள்.
நான் மன்னிப்பை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்,
'ம' மட்டும் சரியாக வந்தது.
"ஜெபக்கனி, இன்னைக்குத்தான்
மூச்சு விட முடியுது" என்றாள் டீச்சர்.

இருபது வருஷம் அவளை இறுக்கித் தைத்திருக்கிறேன்.
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் காலையிலேயே வண்ணாரப்பேட்டை படியேறினேன்.
"கீழே இடது பக்கம் குத்துது."
ஒன்பது நாள் புண்.
"வலிச்சா அன்னைக்கே வந்து சொல்லணும்லா" என்றார்.
நான் துணியில் போடுவது போலவே
ஒரு பென்சில் குறி,
சின்ன மெஷின், ரோஸ் தூள்.
ஆல்ட்ரேஷனுக்குக் காசு வாங்கவில்லை.
நான் வாங்குவேன்.

பண்டிகைக்கு முந்திரிக்கொத்தைக் கத்தியால் எட்டாக வெட்டித் தின்றேன்.
அண்ணத்தை மூடிவிட்டதால் ருசி
கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறது.
கேட்கிறது, அவ்வளவுதான்.

பழக்கம் மட்டும் போகவில்லை.
தையல் முடிந்தால் கை தானாக நூலை வாய்க்குக் கொண்டுபோகிறது.
புதுப் பல்லில் பள்ளமில்லை, நூல் வழுக்குகிறது,
மேல்வரிசை ஒருமுறை கழன்று
ஆரஞ்சு ஷிபானில் விழுந்தது.
இப்போது கழுத்தில் சின்னக் கத்தரிக்கோல்,
கறுப்புக் கயிற்றில், தாலிக்குப் பக்கத்தில்.

நேற்று ஹூக் தேடிப் பட்டன் டப்பாவைக் கவிழ்த்த பிரிஸ்கில்லா
பஞ்சுப் பொதியைப் பிரித்து
வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டாள்,
"இது எந்த ஜாக்கெட்டு பட்டன்க்கா?"

அது பட்டன் இல்லட்டி.
அளவுக்குக் குடுத்தது.
அதுலயே வையி.